பாரிஸ்டர் எதுக்கய்யா சாக்கடை அளக்கணும்?

"படிச்சவன் எவனாவது கவுன்சிலருக்கு நிப்பானா?"

இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். டீக்கடையில், காலேஜ் பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில். எம்.எல்.ஏ. வந்தால் எழுந்து நிற்கிற ஜனம், எம்.பி. வந்தால் மாலை போடுகிற ஜனம், வார்டு கவுன்சிலர் என்றால் மட்டும் ஒரு நக்கல் சிரிப்பு சிரிக்கும். சினிமாக்காரர்கள் வேறு தங்கச் சங்கிலி மாட்டிவிட்டு, கட்டப்பஞ்சாயத்து பண்ணவிட்டு அந்தப் பதவியை ஒரு காமெடி டிராக் ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு வசனமும் வரும். "உள்ளாட்சிக்கு எலெக்‌ஷனே வேண்டாம் அண்ணாச்சி. ஒரு நல்ல ஆபீசரைப் போட்டா ஊரு தானா சுத்தமாயிடும்."

இரண்டும் மாமன் மச்சான் வசனங்கள். முதல் வசனம் நல்லவனை உள்ளே வரவிடாது. இரண்டாவது வசனம், "பார்த்தியா, உள்ளே நல்லவனே இல்லை" என்று சொல்லிக் கதவையே சாத்திவிடும். இந்த இரண்டையும் சேர்த்து உடைக்க எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் ஒரு தமிழர். லண்டனில் சட்டம் படித்த பாரிஸ்டர். நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சியைத் திணறடித்தவர். அதே நேரத்தில் தன் ஊர் நகர மன்றத்திலும் உட்கார்ந்தவர். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது.

டி.ஆர். சீனிவாசகம். ஊர் மலேசியாவின் ஈப்போ.

யார் இந்த சீனிவாசகம்?

முழுப் பெயர் தர்மராஜா சீனிவாசகம். 1921-ல் ஈப்போவில் பிறந்தார். இலங்கைத் தமிழ் வழி வந்த குடும்பம். பாரிஸ்டராகி ஊர் திரும்பி வக்கீல் தொழில் செய்தார். அவருடைய சகோதரர் எஸ்.பி. சீனிவாசகமும் வக்கீல்தான். இருவரும் சேர்ந்துதான் அரசியலிலும் இருந்தார்கள்.

ஈப்போ எப்படிப்பட்ட ஊர் என்று ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கிந்தா பள்ளத்தாக்கு என்று சொல்வார்கள், ஈயம் விளைந்த பூமி. சுரங்கத்தில் வேலை பார்க்க வந்த சீனர்கள்தான் அங்கே பெரும்பான்மை. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் 1948-ல் தொடங்கியபின், காட்டோரம் வாழ்ந்த சீனக் குடும்பங்களை வெள்ளைக்கார அரசு பெயர்த்துக் கொண்டுவந்து முள்வேலி போட்ட "புதுக்கிராமங்களில்" அடைத்தது. நிலத்துக்குப் பட்டா கிடையாது. குடியுரிமையும் பலருக்குத் தகராறு. அவர்களுக்காக வாதாட ஆள் தேவைப்பட்டது.

1953-ல் பேராக் முற்போக்குக் கட்சி தொடங்கியது. பின்னால் அதுவே மக்கள் முற்போக்குக் கட்சி, சுருக்கமாக பி.பி.பி. ஆனது. அதன் முகம் டி.ஆர். சீனிவாசகம்.

மலாயா 1957 ஆகஸ்ட் 31-ல் சுதந்திரம் அடைந்தது. மூன்றே மாதத்தில், நவம்பரில், ஈப்போ-மெங்லம்பு தொகுதிக்கு இடைத்தேர்தல். சுதந்திரம் வாங்கிக் கொடுத்த கூட்டணி, பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானின் செல்வாக்கு உச்சியில் இருந்த நேரம். அந்தத் தேர்தலில் சீனிவாசகம் ஜெயித்தார். சுதந்திர மலாயாவின் முதல் இடைத்தேர்தலே ஆளுங்கட்சிக்குத் தோல்வி!

அடுத்து 1959 பொதுத்தேர்தல். 104 இடங்களில் கூட்டணிக்கு 74. பி.பி.பி.க்கு 4. ஈப்போவில் டி.ஆர்., மெங்லம்புவில் எஸ்.பி. நாலு பேர் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கிறீர்களா? கீழே வருகிறேன்.

இதற்கிடையில் ஈப்போ நகர மன்றமும் பி.பி.பி. கைக்கு வந்தது. சீனிவாசகம் அதன் தலைவராகவும் இருந்தார். 1962-ல் ஈப்போ முனிசிபாலிட்டி ஆனது. மலேசியத் தமிழில் சொன்னால் நகராண்மைக் கழகம்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். பெரும்பான்மை சீனர்கள் வாழும் ஊர். கட்சித் தலைவரோ தமிழர். ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு அவருடைய மொழி தெரியாது, அவர் சாமி வேறு, சாப்பாடு வேறு. ஆனாலும் திரும்பத் திரும்ப ஓட்டு விழுந்தது. நாமெல்லாம் வார்டு தேர்தல் என்றாலே "நம்ம ஆளு எத்தனை வீடு?" என்று எண்ணுகிறவர்கள். உள்ளாட்சி என்றால் சாதிக் கணக்கு, இனக் கணக்கு தவிர வேறொன்றும் இல்லை என்று சொல்பவர்களுக்கு ஈப்போ ஒரு பதில். குப்பை அள்ளுகிறவன், விளக்குப் போடுகிறவன், கடை லைசென்சுக்கு அலைய விடாதவன் எவனோ அவனுக்கு ஓட்டு என்று ஒரு ஊர் கற்றுக்கொள்ள முடியும். அதற்கு அந்த ஊருக்குத் தேர்தல் நடக்க வேண்டும். தொடர்ந்து நடக்க வேண்டும்.

"வெளியே வந்து சொல்லுய்யா!"

நாடாளுமன்றத்துக்குள் ஒருவர் பேசியதற்கு வழக்குப் போட முடியாது. இது பல நாடுகளில் உள்ள பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்புக்குள் உட்கார்ந்துகொண்டு சேற்றை வாரி வீசிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

சீனிவாசகம் நாடாளுமன்றத்தில் அப்துல் ரஹ்மான் தாலிப் என்ற அமைச்சர் மேல் ஊழல் குற்றச்சாட்டு வைத்தார். சாதாரண ஆள் இல்லை. 1960-ல் வந்த புகழ்பெற்ற கல்வி அறிக்கைக்கே இவர் பெயர்தான். சபைக்கு வெளியே வந்து சொல்லத் தயாரா என்று சவால் வந்தது.

பாரிஸ்டர் வெளியே வந்தார். கோலாலம்பூரில், பொது மண்டபத்தில், அதே குற்றச்சாட்டை மறுபடியும் சொன்னார். வழக்கு வரும் என்று தெரிந்தே சொன்னார். தோற்றால் நஷ்ட ஈடு, பெயர், கட்சி எல்லாம் போயிருக்கும்.

அமைச்சர் அவதூறு வழக்குப் போட்டார். தோற்றார். மேல்முறையீடு செய்தார். அதிலும் தோற்றார். 1965-ல் அமைச்சர் பதவியை விட்டு விலகினார்.

1964 தேர்தலில் பி.பி.பி.க்குக் கிடைத்திருந்த இடம் வெறும் இரண்டு என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு எம்.பி.க்களை வைத்துக்கொண்டு ஒரு அமைச்சரை வீட்டுக்கு அனுப்பிய கதை இது.

அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? என் வாதம் இதுதான்: காலுக்குக் கீழே ஒரு ஊர் இருந்ததால் வந்தது. மேலே இருந்து சீட்டு வாங்கி வந்த எம்.பி. மேலிடத்துக்குத்தான் பயப்படுவார். ஊருக்குள் வேர் வைத்தவர், நகர மன்றத்தைத் தன் கையால் நடத்திக் காட்டியவர், டெல்லிக்கோ கோலாலம்பூருக்கோ ஏன் பயப்பட வேண்டும்? டெபாசிட் போய்விடும் என்ற பயம் இல்லாதவனுக்குத்தான் வாய் திறக்கும்.

சாமியாக்க வேண்டாம்

அவரைக் கும்பிடச் சொல்லி இதை எழுதவில்லை. குறைகளும் உண்டு. பி.பி.பி. கடைசிவரை சகோதரர்கள் கட்சியாகவே இருந்தது. பேராக்குக்கு வெளியே அது வளரவே இல்லை. சீன மொழிக்கும் தமிழுக்கும் அரசு மொழித் தகுதி வேண்டும் என்று அவர் பேசியதை மலாய் அரசியல்வாதிகள் இனவாதம் என்றார்கள். அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் சூடு அதிகம்.

1969 மார்ச்சில் சீனிவாசகம் திடீரென்று இறந்துபோனார். வயது 50கூட ஆகவில்லை. மே 10-ல் பொதுத்தேர்தல். தலைவர் இல்லாத கட்சி பேராக் சட்டமன்றத்தில் 40-க்கு 12 இடம் பிடித்தது, கூட்டணிக்கு 19 மட்டும்தான், பெரும்பான்மை இல்லை. மூன்று நாள் கழித்து கோலாலம்பூரில் மே 13 கலவரம். நாடே தலைகீழானது. அதன்பின் பி.பி.பி. ஆளுங்கூட்டணியோடு சேர்ந்தது. 1974 தேர்தலில் மக்கள் அந்தக் கட்சியைத் துடைத்துப் போட்டார்கள். எஸ்.பி. சீனிவாசகமே தோற்றார். யாரை எதிர்க்கச் சொல்லி ஓட்டுப் போட்டார்களோ அவர்களோடு போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று ஈப்போ ஜனம் காட்டியது.

ஈப்போவில் இன்றும் டி.ஆர். சீனிவாசகம் பூங்கா இருக்கிறது. பூங்காவுக்குப் பெயர் வைத்தார்கள் சரி. அவர் உட்கார்ந்த நாற்காலிக்கு என்ன ஆச்சு தெரியுமா?

நாற்காலியையே தூக்கிக்கொண்டு போன கதை

மலாயாவில் ஓட்டுப்பெட்டி முதலில் வந்ததே நகர மன்றத்துக்குத்தான். 1951 டிசம்பரில் பினாங்கின் ஜார்ஜ் டவுன். 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர். நாடு தழுவிய முதல் தேர்தல் 1955-ல்தான்.

இன்னும் சுவாரசியமான விஷயம். அம்னோவும் மலாயன் சீனர் சங்கமும் முதன்முதலில் கைகோத்தது அந்த 1952 கோலாலம்பூர் முனிசிபல் தேர்தலில். 12 இடத்தில் 9 இடம் ஜெயித்தார்கள். அங்கே பிறந்த கூட்டணிதான் பிற்பாடு நாட்டையே பல பத்தாண்டுகள் ஆண்டது. அதாவது ஆளுங்கூட்டணியே ஒரு கவுன்சிலர் தேர்தலின் பிள்ளை!

பிள்ளை வளர்ந்து என்ன செய்தது? 1960-களில் பெரிய ஊர்கள் ஒவ்வொன்றாக எதிர்க்கட்சி கைக்குப் போயின. ஜார்ஜ் டவுனில் சோஷலிஸ்ட் முன்னணி, ஈப்போவில் பி.பி.பி. (ஜார்ஜ் டவுன் 1957-ல் மாநகரமானது; அதன் மேயராக இருந்தவர்களில் ஒருவரும் தமிழர்தான், டி.எஸ். ராமநாதன்.) 1965 மார்ச்சில், இந்தோனேசியாவோடு மோதல் நடக்கிறது, நாட்டுக்கு ஆபத்து என்று சொல்லி உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். தற்காலிகமாகத்தான், சமாதானம் ஆனதும் நடத்துவோம் என்று வாக்கு.

1966 ஆகஸ்டில் சமாதானம் ஆகிவிட்டது. தேர்தல்? ம்ஹூம்.

இது பற்றி ஆராய ஒரு அரச ஆணையம் போட்டார்கள். தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். இவரும் தமிழர், வக்கீல், ஆளுங்கூட்டணியில் இருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸ்காரர். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மையாரின் கணவர். ஆளுங்கட்சி ஆள்தானே, "தேர்தல் வேண்டாம்" என்று எழுதிக் கொடுப்பார் என்று நினைத்திருப்பார்களோ என்னவோ. 1968-ல் முடித்துக் கொடுத்த அறிக்கையில், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள்தான் வேண்டும் என்று ஆணையம் சொன்னது. அரசு அதை ஏற்கவில்லை. 1976-ல் உள்ளாட்சிச் சட்டம் கொண்டுவந்து தேர்தலுக்கு நிரந்தரமாகப் பூட்டுப் போட்டார்கள். அதுமுதல் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. பினாங்கு மாநிலம் 2012-ல் தனிச் சட்டம் போட்டுத் தேர்தல் நடத்தப் பார்த்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. 2018-ல் ஆட்சி மாறியபோது மறுபடியும் பேச்சு எழுந்தது. இனப் பிரச்சினை வரும் என்று சொல்லிப் பிரதமர் மகாதீர் அதை மூடிவிட்டார்.

"தற்காலிகம்" என்று 1965-ல் சொன்னது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த சீனிவாசகம் ஈப்போவில் பிறந்திருந்தால்கூட, அவர் தன் தெருவுக்குக் கவுன்சிலராக ஓட்டுக் கேட்க வழி இல்லை. யாராவது பெரிய மனிதர் பார்த்து நியமித்தால் உண்டு.

கொஞ்சம் காமர்ஸ்

பி.காம். படிக்கிறவன் கையில் எது கிடைத்தாலும் கம்பெனிச் சட்டத்தில்தான் போய் முட்டுவான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013 கம்பெனிச் சட்டம், பிரிவு 96. ஒரு நிறுவனம் வருஷத்துக்கு ஒருமுறை பங்குதாரர்களைக் கூட்டி ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும். இரண்டு கூட்டத்துக்கு நடுவே 15 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. நடத்தாவிட்டால் பிரிவு 99. நிறுவனத்துக்கும் பொறுப்பான அதிகாரிக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தவறு தொடர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரை கூடுதலாக.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? பணம் போட்டவனுக்குக் கணக்குக் கேட்கிற உரிமை உண்டு. இயக்குநர்கள் தாங்களே தங்களை நியமித்துக்கொண்டு, "கம்பெனி நல்லாத்தான் ஓடுது, நீங்க வீட்டுல இருங்க" என்று சொல்ல முடியாது.

நகராட்சியில் பணம் போடுகிறவன் யார்? சொத்து வரி, தண்ணீர் வரி, தொழில் வரி கட்டுகிற நீங்களும் நானும். நாம்தான் பங்குதாரர். உள்ளாட்சித் தேர்தல்தான் நம் பொதுக்கூட்டம். அதுவும் வருஷம் ஒருமுறை இல்லை, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் கேட்கிறோம்.

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபர் 24-ல் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தலுக்கான அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு, மேல்வழக்கு. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். கவுன்சிலர்கள் பதவியேற்றது மார்ச் 2-ல். கொரோனாவைச் சொல்வார்கள். கொரோனா வந்தது 2020-ல் அண்ணாச்சி. 2017, 18, 19-ல் என்ன வந்தது?

நாள் கணக்கு போட்டுப் பார்த்தேன். 1,955 நாட்கள். ஒரு பெட்டிக்கடை அளவு கம்பெனி இத்தனை நாள் பொதுக்கூட்டம் நடத்தாமல் இருந்தால் அபராதம் எவ்வளவு வரை போகும்? நாளுக்கு 5,000 வீதம் 97,75,000. அதோடு ஒரு லட்சம். ஆக 98 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய். நம் ஊர்களை 1,955 நாள் தனி அலுவலர் கையில் விட்டுவைத்ததற்கு யாராவது ஒரு ரூபாய் கட்டினார்களா?

அபராதம் கட்டியது நாம்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்பதால் மத்திய நிதிக்குழு மானியம் நின்றுபோனது. மன்றமே இல்லாத 2018 ஜூலையில் சொத்து வரி ஏறியது. வீட்டுக்கு 50 சதவீதம் வரை, கடைகளுக்கு 100 சதவீதம் வரை. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் அதே வரி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. தேர்தல் வருகிறது என்ற பயமே ஒரு வரியை நிறுத்துமானால், தேர்தல் எவ்வளவு பெரிய ஆயுதம் பாருங்கள்!

இது புது வியாதியும் இல்லை. சென்னை மாநகராட்சியை 1973-ல் கலைத்தார்கள். அடுத்த மன்றம் வந்தது 1996-ல். அந்தக் காலத்தில் இரண்டு பெரிய கட்சியும் கோட்டையில் இருந்திருக்கின்றன. ஆகவே யாரும் யாரையும் பார்த்து விரல் நீட்ட வேண்டாம். 1993-ல் 74-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்து, ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று சொன்ன பிறகும் 1,955 நாள்!

வழக்கமாகச் சொல்லும் மூன்று பதில்கள்

ஒன்று: "கவுன்சிலர் எல்லாம் கமிஷன் அடிக்கிறான்."

அடிப்பவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. வீடு கட்ட அனுமதி வாங்கியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் கமிஷன் வாங்கும் கவுன்சிலர் வீடு உங்கள் தெருவில் இருக்கிறது. ஐந்து வருஷம் கழித்து அதே தெருவில் கைகூப்பிக்கொண்டு வர வேண்டும். கமிஷன் வாங்கும் அதிகாரிக்கு டிரான்ஸ்பர் வரும், அவ்வளவுதான். திருடன் உள்ளே வந்துவிட்டான் என்பதற்காக வாசல் கதவைப் பெயர்த்து எடுப்பார்களா?

இரண்டு: "2022-ல் மன்றம் வந்த பிறகும் வரி ஏறத்தானே செய்தது?"

ஆமாம், ஏறியது. அது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் இந்த முறை மன்றத்தில் தீர்மானம் வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கவுன்சிலரும் ஆதரவா எதிர்ப்பா என்று காட்ட வேண்டியிருந்தது. என் வார்டு ஆள் என்ன செய்தார் என்று என்னால் கேட்க முடியும். 2018-ல் யாரிடம் போய்க் கேட்பது? தனி அலுவலரின் மேஜையிலா?

மூன்று: "அதிகாரி படித்தவர், கவுன்சிலருக்கு என்ன தெரியும்?"

இதற்குத்தான் சீனிவாசகத்தைக் கூட்டி வந்தேன். படித்தவன் வரவில்லை என்பது உங்கள் புகார் என்றால், படித்தவன் வரட்டும். வந்தவர்கள் உண்டு. லண்டன் பாரிஸ்டர் வல்லபாய் படேல் 1917-ல் அகமதாபாத் முனிசிபாலிட்டி உறுப்பினர், 1924 முதல் 1928 வரை அதன் தலைவர். சாக்கடையும் குடிதண்ணீரும்தான் அவர் முதல் பாடம். சமஸ்தானங்களை இணைத்தது பிறகு. பாரிஸ்டர் சி.ஆர். தாஸ் 1924-ல் கல்கத்தாவின் மேயர். வக்கீல் ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். வக்கீல் சத்தியமூர்த்தி 1939-ல் சென்னை மேயர், பூண்டி நீர்த்தேக்கம் அவர் முயற்சி. இவர்களுக்கெல்லாம் கவுன்சிலர் பதவி கேவலமாகத் தெரியவில்லை. நமக்குத் தெரிகிறது!

நம் கடற்கரை

தூரத்து உதாரணம் போதும் என்பவர்களுக்கு, தூத்துக்குடியில் ஒரு சிலை இருக்கிறது. ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. 1869-ல் பிறந்து 1930-ல் மறைந்தவர். முத்துக்குளித்துறையின் பரதவர் சமூகத்தில் பிறந்தவர். பாரிஸ்டர் இல்லை, அமைச்சரும் இல்லை. நகராட்சித் தலைவராகத்தான் இருந்தார். வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது அவருடைய வேலை. உப்பு விளையும் ஊருக்கு நல்ல தண்ணீர்! அதனால்தான் அந்தக் காலத்து எம்.எல்.சி.க்கள் எத்தனையோ பேர் பெயர் மறந்த பிறகும் ஒரு முனிசிபல் சேர்மன் பெயர் தூத்துக்குடியில் நிற்கிறது.

இப்போது நம்மைப் பாருங்கள். திருச்செந்தூர் 2021-ல் பேரூராட்சியிலிருந்து நகராட்சி ஆனது. சூரசம்காரம் என்றால் லட்சக்கணக்கில் கூட்டம். 2025 ஜூலை 7 குடமுழுக்குக்கு வந்த கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். சாமி கும்பிட்டுவிட்டு அவர்கள் போய்விடுகிறார்கள். தண்ணீர் பாட்டில், இலை, கழிவுநீர், லாட்ஜ், வாகன நெரிசல் எல்லாம் ஊர்க்காரன் தலையில். கோயிலைப் பார்க்க அறநிலையத்துறை இருக்கிறது. ஊரைப் பார்க்க? நகராட்சி மன்றம்தான். கோயில் கூட்டத்தை வைத்துச் சம்பாதிக்கிற லாட்ஜுக்கு என்ன வரி, தெருவோரம் சிப்பி மாலை விற்கிற பாட்டிக்கு என்ன வரி என்று முடிவெடுப்பதில் நம் தெரு ஆள் ஒருவர் உட்கார வேண்டுமா, வேண்டாமா?

கொஞ்சம் தெற்கே போனால் குலசேகரன்பட்டினம். 2024 பிப்ரவரி 28-ல் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பெருமைதான். நிலம், மீன்பிடி, சாலை, வேலைவாய்ப்பு என்று ஊருக்கு ஆயிரம் கேள்விகள் எழுகிற நேரம் அது. ஆனால் நம் மாவட்ட ஊராட்சிகளின் ஐந்தாண்டு 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அடுத்த தேர்தல் நடப்பதற்கு முன்பே காலம் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. ராக்கெட் வருகிற ஊருக்கு, அது வருகிற நேரத்தில், ஊர் சார்பாகக் கையெழுத்துப் போட ஊர்க்காரர் ஒருவர் இல்லை. இதைவிட என்ன வேண்டும்?

2022-ல் வந்த நகர்ப்புற மன்றங்களின் ஐந்தாண்டுக் கணக்கு 2027 மார்ச்சோடு முடியும். மறுவரையறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வழக்கு என்று காரணங்களுக்குப் பஞ்சமே இருக்காது. ஈப்போவிலும் முதலில் நல்ல காரணம்தான் சொன்னார்கள். "தற்காலிகமாக."

எனவே தோழர்களே, தோழிகளே, கேட்பது மூன்றே விஷயம்தான். உங்கள் வார்டு எண் என்ன, கவுன்சிலர் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது என்று பந்தயமே கட்டுவேன். நகராட்சி பட்ஜெட்டை ஒருமுறையாவது வாங்கிப் படியுங்கள். ஐந்து செமஸ்டர் கணக்குப்பதிவியல் படித்தவனுக்கு அது பெரிய கம்பசூத்திரம் இல்லை. தேர்தலைத் தள்ளிப் போடப் போகிறோம் என்று எந்தக் கட்சி சொன்னாலும், அது நீங்கள் ஓட்டுப் போட்ட கட்சியாகவே இருந்தாலும், "எதுவரை?" என்று தேதி கேளுங்கள்.

வகுப்பில் நன்றாகப் பேசுகிற, நாலு பேருக்கு ஓடி உதவி செய்கிற யாராவது ஒருத்தி "நான் கவுன்சிலருக்கு நிற்கப் போறேன்" என்று சொன்னால், தயவுசெய்து சிரிக்காதீர்கள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. துண்டுச் சீட்டு அடிக்கக் காசு வசூல் பண்ணுங்கள்.

டிஸ்கி: எந்தக் கட்சியிலும் நான் உறுப்பினர் இல்லை. வரி ரசீது அப்பா பெயரில்தான் வருகிறது. ஓட்டு மட்டும் என் பெயரில் இருக்கிறது. அதை யாரும் தற்காலிகமாகக்கூட எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம்.